இடமாகச் சுற்றின நாள்

எனக்கு வருகிற ஆடியோடு எழுபத்தாறு வயது முடிகிறது. பெற்றது நாலு, வளர்த்தது ஐந்து. ஐந்து பேரும் அவரவர் வீட்டில் நன்றாக இருக்கிறார்கள். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் எழுத வரும். ஒரு பக்கத்துக்கு அரை நாள் பிடிக்கும். பிடிக்கட்டும். அடுப்பங்கரை மருமகள் கைக்குப் போய்ப் பத்து வருஷம் ஆகிறது, எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

போன மாதம் ஒரு காதுகுத்தலில் பந்தி நடந்துகொண்டிருந்தபோது என் சின்னப் பையன், "எங்கம்மா எங்களத் திருவண்ணாமலை சுத்திக் காட்டறேன்னு கூட்டிட்டுப் போய், ஒரு புள்ளையத் தொலைச்சுட்டு நின்னவங்க" என்று சொல்லிச் சிரித்தான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்றைக்கு அவனுக்கு ஏழு வயது. வளையல் கடையில் உட்கார்ந்து கல்கண்டு தின்றுகொண்டிருந்தான். அவனுக்கு என்ன தெரியும்? நடந்ததை நடந்தபடி நான் எழுதி வைத்துவிடுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டோ எழுபத்தொன்பதோ இருக்கும். எங்கள் ஊர் கீழ்பென்னாத்தூரிலிருந்து நடக்கிற தூரம். மல்லாட்டை, அதுதான் நிலக்கடலை, கொடி பிடுங்கி, காயை ஆய்ந்து மூட்டை கட்டி முடிந்திருந்தது. மார்கழி மாதம், பிள்ளைகளுக்கு அரைப் பரீட்சை லீவு. எங்கள் களத்தில் நின்று பார்த்தாலே மலை தெரியும். தெரிந்து என்ன, என் பிள்ளைகளில் மூத்தவளைத் தவிர யாரும் திருவண்ணாமலையைப் பார்த்ததில்லை.

மூத்த மகளுக்குப் பன்னிரண்டு வயது, பெரிய பையனுக்குப் பத்து, சின்னப் பையனுக்கு ஏழு, கடைக்குட்டி மகளுக்கு மூன்று. இந்த நாலும் நான் பெற்றவை. ஐந்தாவது என் கொழுந்தன் மகள். அவளுக்கு எட்டு வயது. அவளைப் பெற்றவள் இரண்டாவது பிரசவத்தில் பிள்ளையோடு போய்விட்டாள். அப்போது இவளுக்கு இரண்டு வயது. கொழுந்தன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய் அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டார். நான்தான் இவளை இடுப்பில் வைத்து வளர்த்தேன். என்னை அவள் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவாள். முறை அதுதானே.

அவளைப் பெற்றவளின் அம்மா, பிள்ளைகளுக்கெல்லாம் அவர் ஆயா, அடி அண்ணாமலையில் இருந்தார். மலை சுற்றுகிற பாதையிலேயே வீடு. பௌர்ணமி தவறாமல் மலை சுற்றுகிறவர். ஒரு தடவை பாதி வழியில் மூக்குக் கண்ணாடி விழுந்துவிட்டதாம். நாலு எட்டு பின்னால் வைத்தால் எடுத்துவிடலாம். திரும்பி நடக்கக் கூடாது என்று, மலையை இன்னொரு முழுச் சுற்று சுற்றி வந்து எடுத்தார். அப்படிப்பட்டவர். அந்த ஐப்பசியில் வந்து என்னிடம் தீர்மானமாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"தை பொறந்ததும் வந்து கூட்டிட்டுப் போயிடறேம்மா. உனக்கு நாலு இருக்குது. எனக்கு இருந்தது ஒண்ணு, அதுவும் போயிடுச்சு. அதோட புள்ளையாவது எங்கிட்ட இருக்கட்டும்."

மாட்டேன் என்று சொல்ல எனக்கு என்ன பாத்தியதை இருக்கிறது? நியாயத்தைத்தான் கேட்டார். ஆனால் அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. போவதற்கு முன்னால் ஐந்து பேரையும் ஒன்றாக ஒரு நாள் கூட்டிக்கொண்டு போய் ஊரைச் சுற்றிக் காட்டிவிட வேண்டும் என்று தோன்றியது. அதுதான் அந்தப் பயணம்.

என் வீட்டுக்காரர் கூட வருவதாகத்தான் இருந்தது. முதல் நாள் மாடு கன்று போடுகிற குறி காட்டியது. அவர் நின்றுவிட்டார். நான் நிற்கவில்லை. என் மாமியார் வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு கேட்டார்.

"அஞ்சையும் இழுத்துக்கிட்டு ஒண்டியாவா போறே?"

"ஆமா அத்தை."

"உனக்கு பஸ் போர்டு படிக்கத் தெரியுமா?"

"மூத்தவ படிப்பா."

"போ, போ. நாலத் தொலைச்சாலும் தொலை, அத மட்டும் தொலைச்சுட்டு வந்துடாதே. அவ ஆயா வாய்க்கு நம்மால பதில் சொல்ல முடியாது."

என் மாமியாருக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. மனசு அப்படி இல்லை. புளிச்சோற்றுத் தூக்கை அவர்தான் துணி சுற்றிக் கையில் கொடுத்தார்.

பிள்ளைகளுக்குப் பொங்கலுக்கென்று எடுத்த துணியை முன்னாலேயே தைத்து வாங்கியிருந்தேன். ஐந்து பேருக்கும் ஒரே துணி. பச்சையில் மஞ்சள் கட்டம். பெண்களுக்குப் பாவாடை, பையன்களுக்குச் சட்டை, கடைக்குட்டிக்குக் கவுன். கூட்டத்தில் பளிச்சென்று தெரியட்டும் என்று நான்தான் அந்த நிறம் பார்த்து எடுத்தேன். தையல்காரர், "என்னம்மா, பந்தல் போடவா?" என்று கேட்டார்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் ஐந்து பேரையும் பார்த்துச் சொன்னேன். "யாராவது தவறிப் போனா அழக் கூடாது. அங்க இங்க ஓடக் கூடாது. நேரா கோபுரத்தடியில போய் நில்லுங்க. நான் வந்துடுவேன்." எல்லாரும் தலையாட்டினார்கள். எந்தக் கோபுரம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. எனக்குக் கோபுரம் என்றால் வடக்குக் கோபுரம்தான். எங்கள் வீட்டில் எப்போது போனாலும் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து அந்த வாசலில்தான் நுழைவோம்.

பஸ் போகப் போக மலை பெரிதாகிக்கொண்டே வந்தது. சின்னப் பையன், "நம்ம வீட்டுக்கிட்ட இருந்தது வேற மலையா?" என்று கேட்டான். பஸ் ஸ்டாண்டில் இறங்கினதும் கடைக்குட்டி என் சேலையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அவ்வளவு சத்தம். சைக்கிள் ரிக்ஷா மணி, ஜட்கா வண்டிக் குதிரை, ஆந்திராவிலிருந்து வந்த மொட்டைத் தலைகள், மாலை போட்ட சாமிகள், ஒரு ரேடியோக் கடையில் பாட்டு, எதிர்க் கடையில் வேறு பாட்டு. பெரிய பையன் நடக்கவே இல்லை. கடைக்குக் கடை நின்றான். பூட்டுக் கடையில் நின்று பூட்டை எண்ணுகிறான். அவன் பின்னாலேயே ஒரு கையை வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன்.

கோயிலுக்குள் போனதும் முதலில் யானை. காசைக் கொடுத்தால் வாங்கிப் பாகனிடம் கொடுத்துவிட்டுத் தலையில் துதிக்கையை வைக்கும். மூத்தவள் பயப்படாமல் நின்றாள். பையன்கள் இரண்டு பேரும் என் முதுகுக்குப் பின்னால். கொழுந்தன் மகள் மட்டும் யானையின் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். "என்னடி பாக்கற?" என்றேன். "அதுக்கு இமை முடி எவ்ளோ நீளம் பெரியம்மா!" என்றாள்.

ஆயிரங்கால் மண்டபத்தில் தூண் எண்ணினார்கள். பெரிய பையன் நூற்றுச் சொச்சத்தில் சண்டை போட்டு நிறுத்தினான். உள்ளே சந்நிதியில் வெந்நீர் அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி வெப்பம். நெருப்புச் சாமி, அப்படித்தான் இருக்கும் என்று சொன்னேன். வெளியே வந்து பிரகாரம் சுற்றும்போது சின்னப் பையன் குறுக்கே இடது பக்கம் ஓடினான். காதைப் பிடித்துத் திருப்பினேன்.

"வலமா வாடா. சாமிய இடமா சுத்தக் கூடாது."

"சுத்தினா?"

"பாவம். அவ்ளோதான்."

அவன் அதை அப்போதே மறந்துவிட்டான். பக்கத்தில் நின்ற கொழுந்தன் மகள் மறக்கவில்லை. அவள் அப்படிப்பட்ட பிள்ளை. ஒரு தடவை சொன்னால் போதும்.

குளத்துப் பக்கம் நிழல் பார்த்து உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டோம். ஒரு குரங்கு தூக்கு மூடியை எடுத்துக்கொண்டு போய் மதில் மேல் உட்கார்ந்து நக்கிப் பார்த்துவிட்டுக் கீழே போட்டது. மூடி நெளிந்தது நெளிந்ததுதான். இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. அதற்குள் உச்சிப் பூஜை முடிந்து நடை சாத்துகிற நேரம். வளையல் வாங்க வேண்டும் என்பதால் நான் தெற்கு வாசல் வழியாக வெளியே கூட்டி வந்தேன். நுழைந்தது வடக்கு, வெளியே வந்தது தெற்கு. பிள்ளைகளுக்கு அது தெரியாது.

தெற்கு வீதியில் ஒரு சந்துக்குள் வளையல் கடை. பாய் ஒருவர் வைத்திருந்தார். அவர் அப்பா காலத்துக் கடை, நான் கல்யாணத்துக்கு வளையல் போட்டதும் அங்கேதான். நான் போனதும் அடையாளம் கண்டுகொண்டார்.

"வாம்மா. என்ன, பட்டாளத்தோட வந்திருக்க! எல்லாம் ஒரே யூனிபாரம்?"

முதலில் கொழுந்தன் மகளைத்தான் உட்கார வைத்தேன். தைக்குப் போகப்போகிற பிள்ளை, முதலில் அவளுக்குப் போடட்டும் என்று. சிவப்புக் கண்ணாடி வளையல், கைக்கு ஒரு டஜன். பிறகு மூத்தவள். மூத்தவள் எலும்புக் கை, சின்ன அளவும் கழன்று விழும், பெரிய அளவு பேச்சே இல்லை. பாய் டப்பா டப்பாவாக இறக்கினார். நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்குட்டிக்கு மை டப்பா வாங்கினேன். நிமிர்ந்தபோது பெரிய பையன் இருக்கிறான், சின்னப் பையன் இருக்கிறான். அவள் இல்லை.

சந்து முனைக்கு ஓடினேன். வீதியில் ஜனம். பச்சைக் கட்டம் ஒன்றும் தெரியவில்லை. சின்னப் பையன் சொன்னான், "ஒரு வெள்ளைக்காரி பொடவை கட்டிக்கிட்டு, செருப்பு இல்லாம போச்சும்மா. பசங்க எல்லாம் பின்னாடி போனாங்க. அதுவும் போச்சு."

"நீ ஏண்டா சொல்லல?"

"நீ வளையல் பாத்துட்டு இருந்த."

பாய் எழுந்துவிட்டார். "புள்ளைங்களை இங்கயே விட்டுட்டுப் போம்மா, நான் பாத்துக்கறேன். பதறாத. போலீஸ் ஸ்டேஷன்ல வேணா சொல்லலாமா?"

"வேணாம் பாய். கோபுரத்தடியில நிக்கச் சொல்லியிருக்கேன். அங்கதான் நிப்பா."

ஸ்டேஷனுக்குப் போனால் நீ யார், பிள்ளை யார் என்று கேட்பார்கள். எழுதுவார்கள். சாயங்காலத்துக்குள் சேதி அடி அண்ணாமலைக்குப் போய்விடும். பிறகு தை வரைக்கும்கூட அவளை என்னிடம் விடமாட்டார்கள். அந்த நேரத்திலும் எனக்கு அந்தக் கணக்குத்தான் ஓடியது. மூத்தவளையும் பையன்களையும் கடையில் உட்கார வைத்தேன். கடைக்குட்டி என்னை விட மாட்டேன் என்றாள். அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

நடை சாத்திவிட்டதால் கோயிலுக்குள் புகுந்து குறுக்கே போக வழியில்லை. மதிலைச் சுற்றி வீதி வழியாகத்தான் வடக்குக் கோபுரத்துக்குப் போக வேண்டும். மேற்கே போனாலும் கிழக்கே போனாலும் தூரம் ஒன்றுதான். ஆனால் என் கால் யோசிக்கவே இல்லை, வலமாகத்தான் போனது. மேற்கு வீதி வெயிலில் காலியாகக் கிடந்தது. பின்னால் மலை. இரண்டு ஆடுகள் மதில் நிழலில் படுத்திருந்தன. அதைத் தாண்டி வடக்குக் கோபுரத்துக்குப் போனேன். அவள் இல்லை. தேங்காய்க் கடைக்காரரிடம் கேட்டேன்.

"பச்சைப் பாவாடை கட்டின பொண்ணு இங்க வந்து நின்னாளா? கோபுரத்தடியில நிக்கச் சொல்லியிருந்தேன்."

"எந்தக் கோபுரத்துல?"

"கோபுரத்துல."

"நாலு இருக்குதேம்மா."

அங்கேதான் எனக்கு உறைத்தது. அவர் ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை. பிறந்ததிலிருந்து வந்துபோகிற கோயில். நாலு பக்கமும் கோபுரம் இருப்பது எனக்கும் தெரியும். தெரிந்தும் பிள்ளையிடம் அப்படிச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

கிழக்கே போனேன். ராஜ கோபுரம், தேர் நிற்கிற இடம், பூசணிக்காய் வண்டிகள், எல்லாம் பார்த்தேன். இல்லை. தெற்குக்கு வந்தேன். தெற்குக் கோபுரத்து வாசலில் என் வயசுக்காரி ஒருத்தி பூக்கட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் விரல் மட்டும் ஓடியது.

"இங்க ஒரு பொண்ணு வந்துச்சா? எட்டு வயசு. என் கொழுந்தன் பொண்ணு. பெரியம்மாவத் தேடிட்டு இருப்பா."

"பெரியம்மாவயா? இல்லியே. அம்மாவக் காணோம்னு ஒரு பொண்ணு இப்பத்தான் நின்னுட்டுப் போச்சு. அது வேற."

எனக்கும் அது வேறு என்றுதான் பட்டது. அவள் வாயிலிருந்து அம்மா என்ற வார்த்தையை நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கொழுந்தன் பெண் என்று நான் ஏன் சொன்னேன் என்று பிற்பாடு எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். என் பெண் என்று சொல்லியிருந்தால் அந்தப் பூக்காரிக்கு அப்போதே தெரிந்திருக்கும். ஆனால் ஆறு வருஷமாக ஊரில் யார் கேட்டாலும் அப்படிச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம். செத்துப்போனவள் பிள்ளையைத் தன் பிள்ளை என்று சொல்லிக்கொள்கிறாள் பார் என்று யாரும் பேசிவிடக் கூடாது. அந்த ரோஷம் எனக்கு உண்டு.

இரண்டாவது சுற்று நடந்தேன். மறுபடி மேற்கு, மறுபடி வடக்கு, மறுபடி கிழக்கு. தேங்காய்க் கடைக்காரர் கையை விரித்தார். கடைக்குட்டி இடுப்பில் தூங்கிவிட்டாள், கல்லைத் தூக்கிக்கொண்டு நடப்பது போல இருந்தது. ஒவ்வொரு கோபுரத்திலும் கொஞ்ச நேரம் நின்றேன், பிறகு அடுத்ததில் நின்றுகொண்டிருப்பாளோ என்று ஓடினேன். மறுபடி தெற்குக்கு வந்தேன். பூக்காரி இந்தத் தடவை நிமிர்ந்து பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. இடுப்பில் இருந்த கடைக்குட்டியின் கவுனைப் பார்த்தாள்.

"ஏம்மா, நில்லு. இந்தத் துணிதான் அந்தப் பொண்ணும் பாவாடை கட்டியிருந்துச்சு."

"எந்தப் பொண்ணு?"

"அதான், அம்மாவத் தேடுச்சே. இப்பக்கூட வந்துட்டு அந்தாண்ட போச்சு. கை நிறைய செவப்பு வளையலு."

"அவதான்! அவதான் என் பொண்ணு!"

"மொதல்ல கொழுந்தன் பொண்ணுன்ன?"

"என் பொண்ணுதாம்மா. எந்தப் பக்கம் போனா?"

அவள் மேற்கே கையைக் காட்டினாள். நான் மேற்கே ஓடப் பார்த்தேன். அவள் எட்டி என் சேலையைப் பிடித்துவிட்டாள்.

"மறுபடியும் அங்கியே போற? அதுவும் அப்படியே சுத்துது, நீயும் அப்படியே சுத்துற. ரெண்டு பேரும் செக்கு மாடு மாதிரி ஒரே பக்கம் சுத்தினா என்னைக்குப் பாத்துக்குவீங்க? இப்படித் திரும்பிப் போ. எதுத்தாப்புல வரும்."

"இடமாவா?"

"ஆமா, இடமாத்தான்."

"கோயிலயா?"

"உனக்குப் புள்ள வேணுமா, புண்ணியம் வேணுமா? போவியா!"

நான் கொஞ்சம் நின்றேன். பொய் சொல்லக் கூடாது, நின்றேன். என் மாமியாரிடமும் அம்மாவிடமும் கற்றுக்கொண்டதில் ஒன்றைக்கூட அதுவரை மீறியதில்லை. அதற்குப் பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கிழக்குப் பக்கம் திரும்பினேன்.

இடமாக நடப்பது ஏதோ ஆற்றுக்கு எதிராக நடப்பது போல இருந்தது. வலம் வருகிறவர்கள் எல்லாம் என் முகத்துக்கு நேரே வந்தார்கள். ராஜ கோபுரத்து எதிரே ஒரு பெரியவர் என்னை நிறுத்தி, "அம்மா, வழி மாறிப் போறீங்க" என்றார். "தெரிஞ்சுதான் போறேங்க" என்றேன். அவர் ஒதுங்கிவிட்டார். கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன், நிற்கவில்லை. வடகிழக்கு மூலையில் திரும்பினேன்.

வடக்குக் கோபுரத்துக்கு இந்தப் பக்கம், மதில் ஓரமாக, பச்சைக் கட்டம் வந்துகொண்டிருந்தது. வளையல் உடைந்துவிடக் கூடாது என்று இரண்டு கையையும் மார்புக்கு நேராகத் தூக்கிப் பிடித்தபடி, மெதுவாக, ஒழுங்காக வலமாக நடந்து வந்தாள். முகத்தில் கண்ணீர் காய்ந்து கோடு கோடாக இருந்தது. என்னைப் பார்த்ததும் நின்றாள். ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன்.

"பெரியம்மா, தப்பா சுத்தறீங்க!" என்றாள்.

முதுகில் ஒன்று வைத்தேன். பிறகுதான் கட்டிக்கொண்டேன். கடைக்குட்டி விழித்துக்கொண்டு நடுவில் நசுங்கி அழுதாள். தேங்காய்க் கடைக்காரர் அங்கிருந்தே, "கெடச்சுடுச்சா!" என்று கத்தினார். அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினேன்.

வெள்ளைக்காரி பின்னால் கிழக்கு வரைக்கும் போயிருக்கிறாள். திரும்பினால் வழி தெரியவில்லை. நான் சொன்னபடி ராஜ கோபுரத்தடியில் நின்றிருக்கிறாள். நான் வரவில்லை. இது அந்தக் கோபுரம் இல்லை போல என்று அடுத்ததற்குப் போயிருக்கிறாள், அங்கிருந்து அதற்கு அடுத்தது. சுற்றின பக்கமே சுற்றாமல் ஒரு தடவை எதிர்ப்பக்கம் வந்து பார்த்தாலென்ன என்று கேட்டேன். "இடமாப் போனா பாவம்னு நீங்கதான் சொன்னீங்க" என்றாள்.

வளையல் கடைக்குப் போனோம். பாய் ஒரு பெருமூச்சு விட்டு, அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு டஜன்ல ஒண்ணுகூட உடையல" என்றார். போகும் வழியில் பூக்காரியிடம் நின்றேன். ஐந்து முழம் வாங்கினேன். அவள் இன்னொரு முழம் சேர்த்து அந்தப் பெண் தலையில் வைத்துவிட்டு, "அம்மாவோட கையப் புடிச்சுக்க" என்று சொன்னாள். கொழுந்தன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்றைக்கு ஓட்டலில் மசால் தோசை வாங்கித் தருகிறேன் என்று காலையிலேயே சொல்லியிருந்தேன். பிள்ளைகள் மறக்கவில்லை. தொலைந்தவளும் மறக்கவில்லை. தேரடி வீதியில் ஒரு ஓட்டலில் போய் உட்கார்ந்தோம். மாடிப்படிக்குக் கீழே பெரிய மேசை. பரிமாறுகிறவர் பச்சைக் கட்டத்தை ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரம் வரைக்கும் பார்த்தார்.

"அஞ்சும் உங்களுதாம்மா?"

"ஆமா. அஞ்சும் என்னுதுதான்."

மூத்தவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கொழுந்தன் மகள் தோசையைப் பிட்டுக்கொண்டிருந்தாள், கேட்ட மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் உருளைக்கிழங்கைத் தனியே எடுத்து என் இலையில் வைத்தாள். எனக்கு அது பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

பஸ்ஸில் என் மடியில் சாய்ந்திருந்தபோது கேட்டேன். "அம்மாவக் காணோம்னு ஏண்டி சொன்ன?"

"பெரியம்மாவக் காணோம்னா யாரும் தேட மாட்டாங்க பெரியம்மா. அம்மான்னாத்தான் தேடுவாங்க."

மலை ஜன்னலில் சின்னதாகிக்கொண்டே வந்தது.

யாரிடமும் சொல்லக் கூடாது என்று ஐந்து பேரிடமும் சத்தியம் வாங்கியிருந்தேன். வாசற்படி ஏறுவதற்குள் சின்னப் பையன் என் மாமியாரிடம் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டான். அவர் அவளை இழுத்துத் தலை முதல் கால் வரை தடவிப் பார்த்துவிட்டு என்னைத் திட்டினார்.

"நாலு கோபுரம். உங்கிட்ட நாலு புள்ளைங்க இருந்துச்சு. கோபுரத்துக்கு ஒண்ணா நிக்க வெச்சிருந்தா முடிஞ்சு போச்சு!"

நியாயம்தான். எனக்கு அன்றைக்கு அது எட்டவில்லை. மாடு பெண் கன்று போட்டிருந்தது.

தை பிறந்து நாலாம் நாள் ஆயா வந்தார். கையில் கரும்பு. நான் அவள் பாவாடை சட்டைகளை ஒரு துணியில் மூட்டை கட்டி வைத்திருந்தேன். தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் அவருக்கும் சேதி போய்விட்டது. வேறு யார், சின்னப் பையன்தான். ஆயா சொம்பைக் கீழே வைத்தார்.

"ஏண்டி, உன்னைத் தொலைச்சுட்டாங்களாமே?" என்று அவளைக் கேட்டார்.

"நான்தான் ஆயா தொலைஞ்சேன்."

"பயந்துட்டியா?"

"கொஞ்சம். பெரியம்மா வருவாங்கன்னு தெரியும். ஆனா இடமா வந்தாங்க."

ஆயா என் பக்கம் திரும்பினார். மலை சுற்றி மூக்குக் கண்ணாடி எடுத்த அம்மாள்.

"கோயிலயா?"

"ஆமாம்மா."

"தெரியாம போயிட்டியா?"

"இல்லம்மா. தெரிஞ்சேதான் போனேன்."

அவர் கரும்பை எடுத்து ஒரு கணுவை உடைத்தார், யாருக்கும் கொடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டார். வெளியே கன்று கத்தியது. பிறகு கேட்டார்.

"துணி மூட்டை கட்டி வெச்சிருக்கியா?"

"கட்டியிருக்கேன்."

"அவுத்துடு."

நான் மூட்டையைத் தூக்கி வந்து அவர் முன்னால் வைத்தேன்.

"அவுத்துடும்மா. இங்கியே இருக்கட்டும். லீவுக்கு மட்டும் அனுப்பு, நான் பாத்துக்கறேன்."

அடுத்த பௌர்ணமி கழிந்து அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஒருவரிடம் ஆயா சொல்லி அனுப்பியிருந்தார்: "இந்தத் தடவை ரெண்டு சுத்து போனேன்னு சொல்லு. ஒண்ணு அவ பேர்ல, இடமா சுத்தினாளே அதுக்கு." அந்த அம்மாள் இருந்த வரைக்கும் ஒவ்வொரு லீவுக்கும் பிள்ளையை அனுப்பினேன். கல்யாணத்தில் அவளைத் தாரை வார்க்க நானும் என் வீட்டுக்காரரும் நின்றோம். ஆயா முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பெங்களூரிலிருந்து கொழுந்தனும் வந்திருந்தார்.

அவள் இன்றைக்கும் என்னைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். வேங்கிக்காலில் வீடு கட்டியிருக்கிறாள். அவள் மகள் காலேஜ் படிக்கிறாள், லீவுக்கு இங்கே வந்திருக்கிறாள். நான் எழுதுவதை இரண்டு நாளாக எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"கண்ணு, இங்க வா. இந்த நோட்டை மொதல்லேர்ந்து சத்தமாப் படி, உங்கம்மாவும் வந்திருக்கா, அவளும் கேக்கட்டும். காலு கொம்பு விட்டிருந்தா நீயே போட்டுக்க. நான் இடமா சுத்தினதை மட்டும் எடுத்துடாதே."